கேளுங்கள், எழுதுகிறேன்: கணினிக்கு ஒரு முழு நகல்

சென்ற இதழில், விண்டோஸை மீண்டும் நிறுவப் போவதாக எழுதியிருந்த ஒரு வாசகருக்கு, "அதற்கு முன் ஒரு டிஸ்க் இமேஜ் எடுத்து வைத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருந்தேன். அந்த ஒரு வரியை விரித்து எழுதும்படி கேட்டு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிறைத்துவிட்டன. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகிவிட்டது. ஆனால் காலையில் கணினி உயிர்பெறாமல் நின்றால் வரும் வயிற்றெரிச்சல் நான்கு இடங்களிலும் ஒன்றுதான். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஐயா, நான் லுங்கி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் மாலையில் டாலியில் பேக்கப் எடுத்து பென் டிரைவில் வைத்துவிடுகிறேன். இதற்கு மேல் இமேஜ் என்று ஒன்று எதற்கு? (வாசகர், குடியாத்தம்)

நீங்கள் செய்துவருவது சரியான வேலை. அதை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் பென் டிரைவில் இருப்பது கணக்கு மட்டுமே, கணினி அல்ல. ஹார்ட் டிஸ்க் நாளைக் காலை இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்திய பிறகு விண்டோஸை நிறுவ வேண்டும், மதர்போர்டுக்கும் பிரிண்டருக்கும் உரிய டிரைவர்களைத் தேட வேண்டும், டாலியை நிறுவி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மென்பொருளை ஏற்ற வேண்டும், பில் அச்சாகும் தாளின் அளவைக்கூட மறுபடியும் அமைக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் உங்கள் பென் டிரைவுக்கு வேலை வரும். ஆள் கிடைத்தாலே இரண்டு நாள் ஓடிவிடும்.

டிஸ்க் இமேஜ் என்பது, விண்டோஸ், அதன் அமைப்புகள், நிறுவிய மென்பொருள்கள், கோப்புகள், கணினி தொடங்குவதற்கான மறைவான பகுதிகள் ஆகிய அனைத்தையும், அவை டிஸ்க்கில் எந்த ஒழுங்கில் இருக்கின்றனவோ அதே ஒழுங்கில் எடுத்து வைக்கும் முழு நகல். அதைப் புதிய டிஸ்க்கில் இறக்கினால், இமேஜ் எடுத்த நாளில் கணினி எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து நிற்கும்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன் எடுத்த இமேஜில் ஒரு மாதத்துக்கு முந்தைய கணக்குதான் இருக்கும். ஆகவே இமேஜ் வந்துவிட்டது என்று தினசரி பேக்கப்பைக் கைவிட்டவர் ஒரு மாத வியாபாரத்தை இழப்பார். முதலில் இமேஜை இறக்கிக் கணினியை எழுப்ப வேண்டும். அதன் பிறகு நேற்று மாலை எடுத்த டாலி பேக்கப்பை அதில் ஏற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடை மறுநாளே திறக்கும். இமேஜை வேறொரு கணினியில் இறக்கினால் டாலியின் உரிமம் புதிய இயந்திரத்தை ஏற்காது, மீண்டும் செயல்படுத்தச் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே பென் டிரைவில் நாள்தோறும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறீர்கள் என்றால், அதை மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை கெட்டுப்போன தரவைச் சனிக்கிழமைதான் கவனிக்கிறீர்கள் எனில், நல்ல நகல் ஒன்றுகூட மிச்சமிருக்காது. குறைந்தது மூன்று பென் டிரைவுகளை முறைவைத்துப் பயன்படுத்துங்கள். இமேஜ் உள்ள டிஸ்க்கையும் அவற்றில் ஒன்றையும் கடையில் வைக்காமல் முதலாளியின் வீட்டில், மேடான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆறு ஊருக்குள் வந்ததைப் பார்த்த குடியாத்தத்துக்காரருக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இமேஜ் எடுக்க எந்த மென்பொருள் நல்லது? இலவசமாகக் கிடைக்குமா? செய்யும் முறையையும் எழுதினால் உதவியாக இருக்கும். (தோல் பதனிடும் தொழிற்சாலை அலுவலகப் பணியாளர், இராணிப்பேட்டை)

விண்டோஸுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)" என்ற பழைய பெயரோடு அது இன்றும் ஒளிந்திருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டே 2017இல் அதைக் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டதால், அதை நம்பிப் புதிதாகத் தொடங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பலரும் பயன்படுத்திவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. கட்டணப் பதிப்பு இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. செலவில்லாமல் முடிக்க விரும்புவோருக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். ஒன்று, தைவான் நாட்டின் உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா. மற்றொன்று, அதே வகை இமேஜை மவுஸால் சொடுக்கியே எடுக்க உதவும் ரெஸ்க்யூசில்லா. நீல நிறத் திரையில் அம்புக்குறி விசைகளால் நகர்ந்து தேர்ந்தெடுக்கத் தயங்காதவர்கள் முதலாவதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டாவதே போதும். ஒன்றில் எடுத்த இமேஜை மற்றொன்றில் திறக்க முடிவது ஒரு வசதி.

இவ்விரண்டும் விண்டோஸுக்குள் ஓடுபவை அல்ல. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது அது டிஸ்க்கில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அசைந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் புகைப்படம் எடுப்பது போன்ற நிலை அது. ஆகவே இந்த மென்பொருளை ரூஃபஸ் போன்ற கருவியால் ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்தே தொடங்க வேண்டும். கணினியை இயக்கியவுடன் டெல், லெனோவோ வகைகளில் பெரும்பாலும் எஃப்12 விசையையும், எச்பியில் எஃப்9 விசையையும் அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணையாது. பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை இமேஜ் மென்பொருள் ஏற்க மறுக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அப்போதுதான் உண்மையாக அணையும். டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையையும் முந்தைய நாளே ஓட்டிவிடுவது நல்லது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மின்வெட்டு வரும் வேளையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இமேஜைச் சேமிக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும். குளோன்சில்லாவில் "டிவைஸ்-இமேஜ்" என்பதையும், பிறகு "லோக்கல் டெவ்" என்பதையும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சேமிப்பிடமாகவும், "பிகினர்" முறையையும் தேர்ந்தெடுத்தால், "சேவ்டிஸ்க்" என்றும் "சேவ்பார்ட்ஸ்" என்றும் இரண்டு வழிகள் வரும். இடம் மிச்சமாகும் என்று எண்ணி, சி டிரைவை மட்டும் எடுக்கும் இரண்டாவது வழிக்குப் போய்விடாதீர்கள். இன்றைய கணினிகளில் சி டிரைவுக்கு முன்னால் 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்னும் சிறு பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கணினியைத் தொடங்கிவைப்பது அதுதான். அதை விட்டுவிட்டு எடுத்த இமேஜ், 1981க்கு முன்பு எங்கள் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் போன்றது: கல்யாண மண்டபமும் யாளித் தூண்களும் குறையாமல் இருந்தன, கருவறையில் மூலவர் இல்லை. ஆகவே முழு டிஸ்க்கையும் எடுக்கும் "சேவ்டிஸ்க்" வழியையே தேர்ந்தெடுங்கள்.

1 டிபி டிஸ்க்கில் 140 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தால், இந்த மென்பொருள்கள் அந்த 140 ஜிபியை மட்டும் படித்துச் சுருக்கி எழுதும், காலியிடத்தை நகலெடுப்பதில்லை. நீல நிறம் கொண்ட யுஎஸ்பி 3.0 துளையில் செருகினால் அரை மணி நேர அளவில் முடியக்கூடிய வேலை, பழைய யுஎஸ்பி 2.0 துளையில் ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். இறுதியில், எடுத்த இமேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா என்று கேட்கும். நேரமாகிறது என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு பழைய அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாதம் தவறாமல் இமேஜ் எடுத்தேன். கோப்பின் பெயரில் தேதி எழுதி வைத்தேன். ஒருமுறைகூட அதை இறக்கிப் பார்க்கவில்லை. சர்வர் நின்றுபோன நாளில் கடைசி மூன்று மாத இமேஜ்களும் நடுவிலேயே பிழை காட்டின. சேமித்துவந்த டிஸ்க்கின் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்ததும், நான் சோதனைப் படியைத் தாண்டித் தாண்டிப் போயிருந்ததும் அப்போதுதான் ஒன்றாகத் தெரியவந்தன. நான்காவது மாத இமேஜால் பிழைத்தேன். அன்றிலிருந்து, இறக்கிப் பார்க்காத இமேஜை நான் பேக்கப் என்று சொல்வதில்லை. உங்கள் அலுவலகத்தில் பயன்படாத பழைய டிஸ்க் ஏதேனும் இருந்தால், கணினியின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பழைய டிஸ்க்கைப் பொருத்தி, "ரீஸ்டோர்டிஸ்க்" வழியில் இமேஜை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

இறக்கும்போது ஓர் எச்சரிக்கை: எந்த டிஸ்க்கில் இறக்குகிறீர்களோ அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திரையில் டிஸ்க்குகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் தெரியும். சி, டி என்று தெரியாது. அளவையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் பார்த்தே தேர்ந்தெடுங்கள். தேவையற்ற டிஸ்க்குகளை முன்னதாகவே கழற்றி வையுங்கள். மென்பொருள் இரண்டு முறை உறுதி கேட்பது உங்கள் நன்மைக்காகத்தான்.

என் கணினியில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதில் 90 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. வேகம் வேண்டி 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, இமேஜை அதில் இறக்க முயன்றால், இடம் போதாது என்று மறுக்கிறது. 90 ஜிபிக்கு 480 போதாதா? (ஷூ கம்பெனி ஊழியர், ஆம்பூர்)

உங்கள் கணக்கு சரி. மென்பொருளின் கணக்கு வேறு. டிஸ்க்கைக் கூறுபோட்டிருக்கும் பகுதிகளான பார்ட்டிஷன்களின் எல்லைகள் பழைய டிஸ்க்கின் கடைசி வரை வரையப்பட்டிருக்கின்றன. குளோன்சில்லா அந்த எல்லைகளை அப்படியே போட முயல்கிறது. விண்டோஸ் காட்டும் கணக்கில் 500 ஜிபி டிஸ்க் ஏறக்குறைய 465 ஜிபி, 480 ஜிபி எஸ்எஸ்டி ஏறக்குறைய 447 ஜிபி. பதினெட்டு ஜிபி அளவு குட்டையான கட்டிலில் நீட்டிப் படுக்க முடியாது என்பதுதான் சிக்கல். படுப்பவரின் எடை இங்கே கேள்வியே இல்லை.

பழைய டிஸ்க்கில் விண்டோஸைத் தொடங்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை வலது சொடுக்கி "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுத்து, தாராளமாக 200 ஜிபி அளவுக்குக் குறுக்குங்கள். சில சமயம் சிறிதளவுக்கு மேல் குறுக்க முடியாது என்று சொல்லும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயிண்ட்டுகள் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவழியில் உட்கார்ந்திருப்பதே அதற்குக் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கணினியை மறுபடி இயக்கிக் குறுக்கினால் பெரும்பாலும் வழிவிடும். அதன் பிறகும் டிஸ்க்கின் கடைசியில் ஒரு ரிகவரி பார்ட்டிஷன் நின்றுகொண்டு மறிக்கலாம். அவ்வளவு தூரம் போராட விருப்பமில்லை என்றால், எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு இலவச நகலெடுப்பு மென்பொருள் தருகிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் தருகின்றன, அவை பார்ட்டிஷன்களைத் தாமே குறுக்கிக்கொள்ளும். அடுத்த முறை வாங்கும்போது 500 ஜிபிக்கு மாற்றாக 512 ஜிபி என்று கேட்டு வாங்கினால் இந்தப் பதிலே தேவைப்படாது.

இமேஜை இறக்கியபின் திரை நீலமாகி, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அப்படி எதையும் நான் வைத்ததே இல்லையே? (பட்டுச் சேலைக் கடை உரிமையாளர், ஆரணி)

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. பிட்லாக்கர் எனப்படும் பூட்டு, பல புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தவுடனேயே தானாக இயங்கத் தொடங்குகிறது. மதர்போர்டையோ கணினியையோ மாற்றினால், திருடன் என்று சந்தேகித்துச் சாவியைக் கேட்கிறது. மடிக்கணினியை முதன்முதலில் அமைத்தபோது எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ நுழைந்தால், சாதனங்கள் பகுதியில் அந்த எண் இருக்கும். கடையை அமைத்துக்கொடுத்தவர் தம் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், அவரைத்தான் தேட வேண்டும். எண் எங்குமே கிடைக்காவிட்டால் அந்தத் தரவைத் திறக்க வழியில்லை. திறந்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்துவிட்டால், ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். பூட்டிய நிலையில் இமேஜ் எடுத்தால் காலியிடமும் சேர்ந்து நகலாகி, கோப்பு மிகப் பெரிதாகிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இமேஜ் எடுத்து, அதை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருக்கிறேன். இது போதுமா? (வாசகி, சத்துவாச்சாரி)

போதாது, அம்மா. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாகிரை போன்ற பணப்பறிப்பு வைரஸ்கள், கணினியில் உள்ளவற்றோடு அதில் இணைந்திருக்கும் டிஸ்க்குகளில் உள்ளவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னழுத்தம் எகிறினாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். வேலை முடிந்ததும் கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் மேற்கு பார்த்த சன்னலோரம் மட்டும் வேண்டாம். பேரப்பிள்ளைகளின் புகைப்படங்கள் இருந்தால், அவற்றை இமேஜுக்குள் மட்டும் விட்டுவைக்காமல் சாதாரணக் கோப்புகளாகவும் தனியே ஒரு நகல் எடுங்கள். ஒரு படத்துக்காக முழு இமேஜையும் இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 20 கணினிகள் இருக்கின்றன. ஒன்றைச் சரியாக அமைத்து, மற்ற 19இலும் இமேஜை இறக்கிவிடலாமா? (ஆசிரியர், காட்பாடி)

இருபதும் ஒரே மாதிரி வன்பொருள் கொண்டவை என்றால் தாராளமாகச் செய்யலாம். இமேஜ் மென்பொருள் மிகச் சிறப்பாகப் பயன்படும் இடமே இதுதான். முதல் கணினியை அமைத்து முடித்தவுடன், இமேஜ் எடுப்பதற்கு முன், விண்டோஸிலேயே உள்ள சிஸ்பிரெப் கருவியை "ஜெனரலைஸ்" என்ற குறியிட்டு ஓட்டுங்கள். அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை அது நீக்கிவிடும்; இல்லாவிட்டால் இருபதும் ஒரே பெயரில் எழுந்து நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று மோதும். குளோன்சில்லாவின் சர்வர் வகை, ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளுக்கும் இமேஜை ஒலிபரப்புவது போல அனுப்பும். ஒரு கணினிக்கு ஆகும் நேரத்தைவிடச் சிறிது கூடுதலான நேரத்தில் இருபதும் முடிந்துவிடும். ஆனால் வைஃபையில் முயலாதீர்கள். ஒரு கிகாபிட் சுவிட்ச்சும் கேபிளும் கட்டாயம். ஒவ்வொரு கணினிக்கும் விண்டோஸ் உரிமம் தனித்தனியே இருக்க வேண்டும். இமேஜ் உரிமத்தைப் பெருக்கித் தராது.

விண்டோஸ் 10லிருந்து 11க்கு மாறப்போகிறேன். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவரும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறதே, இமேஜ் அவசியமா? (கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

அந்த வசதி பொதுவாக 10 நாட்களுக்கு மட்டுமே. உங்கள் ப்ராஜெக்ட் மென்பொருள் ஓடவில்லை என்பது பதினோராவது நாளில் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் மாறுவது நல்லதே. இமேஜ் எடுத்துவிட்டு மாறுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் "டிக், டிக்" என்று சத்தம் வருகிறது. உடனே இமேஜ் எடுத்துவிடலாமா? (வாசகர், வாணியம்பாடி)

முதலில் கணினியை அணையுங்கள். இந்தக் கடிதம் இதழில் வரும்வரை அது ஓடிக்கொண்டிருக்காது என்று நம்புகிறேன். அந்தச் சத்தம் பெரும்பாலும் டிஸ்க்கின் படிக்கும் முனை தடுமாறுவதால் வருவது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். செக்டிஸ்க் ஓட்டுவது, நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது. உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், தரவு மீட்பு செய்யும் ஆய்வகத்திடம்தான் கொடுக்க வேண்டும். டிஸ்க்கைத் திறக்கவோ ஃபிரிட்ஜில் வைக்கவோ வேண்டாம்.

சத்தம் இல்லாமல், சில பகுதிகள் மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கும் டிஸ்க்குகளுக்கு வேறு வழி உண்டு. சாதாரண இமேஜ் மென்பொருள் கெட்ட இடத்தில் வந்து நின்றுவிடும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி அப்படி நிற்காமல், முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டு, அடுத்த சுற்றுகளில் அவற்றுக்குத் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் இறங்கும் டிஸ்க் அதே அளவோ பெரியதோ ஆக இருக்க வேண்டும்.

எங்கள் ஸ்டுடியோவில் 2009இல் நார்டன் கோஸ்ட்டால் எடுத்த இமேஜ் நான்கு டிவிடிகளில் இருக்கிறது. அதிலுள்ள பழைய திருமணப் படங்களை எடுக்க முடியுமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

முடியும். கோஸ்ட்டின் விற்பனை 2013இல் நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும், அதனோடு வந்த கோஸ்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற சிறு மென்பொருள் உங்கள் பழைய சிடியில் இருக்கக்கூடும்; அது இமேஜைத் திறந்து, வேண்டிய கோப்புகளை மட்டும் வெளியே எடுக்க உதவும். இமேஜை முழுதாக இன்றைய கணினியில் இறக்க முயலாதீர்கள். அந்தக் கால விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றைய வன்பொருளைத் தெரியாது. எதற்கும் முன்னதாக, நான்கு டிவிடிகளிலும் உள்ள ஜிஎச்ஓ, ஜிஎச்எஸ் கோப்புகள் அனைத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிடுங்கள். ஏதேனும் ஒரு டிவிடி படிக்காமல் அடம்பிடித்தால், வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிவிடியை இன்னொன்று படித்துவிடுவதுண்டு.